ஓசூருக்கு ஒரு மணி நேரம்

எங்கள் பிளான்ட் சென்னைக்கு வெளியே வல்லம் வடகாலில் இருக்கிறது. காரின் கதவுக்குள் ஒளிந்து கிடக்கும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்களை அங்கே செய்கிறோம். கதவைத் திறந்து மூடுகிற யாரும் அவற்றைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதில் ஒன்று மயிரிழை கோணினாலும் கதவைச் சாத்தும்போது 'டப்' என்று வரவேண்டிய சத்தம் 'டொங்' என்று வரும். அந்த டொங் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறேன். எந்நேரமும் கையில் கனம், அகலம் அளக்கிற வெர்னியர் இருக்கும். வீட்டில் சப்பாத்தி தேய்த்தாலும் கனம் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது.

எங்கள் பிளான்டுக்கு மேலே விமானம் போகாத பொழுது குறைவு. மீனம்பாக்கத்தில் கிளம்புகிறவற்றில் பாதி எங்கள் தலைக்கு மேலேதான் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும். லைனிலிருந்து கேன்டீனுக்கு நடக்கிற தூரத்தில் இரண்டையாவது பார்த்துவிடலாம். வால் நிறத்தை வைத்தே எந்தக் கம்பெனி விமானம் என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். ஏறிப் பார்த்தது மட்டும் இல்லை.

போன வருஷம் ஓசூரில் இருக்கிற எங்கள் கம்பெனியின் இன்னொரு பிளான்டில் ஒரு சிக்கல் வந்தது. நாங்கள் 'சரி' என்று அனுப்புகிற பாகத்தை அவர்கள் 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஃபிக்சரில் கச்சிதமாக உட்காரும். அவர்கள் ஃபிக்சரில் ஆடும். ஃபிக்சர் என்பது ஒன்றுமில்லை, பாகத்தை உட்கார வைத்து அளவு சரிதானா என்று பார்க்கிற இரும்புச் சட்டம். எங்கள் சட்டத்தைக் கொண்டுபோய் அவர்கள் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். ஆள் ஒன்று போகவேண்டும், ஃபிக்சர் ஒன்று போகவேண்டும்.

ஃபிக்சர் போவதற்கு வழி இருந்தது. என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறார். அந்தச் சின்ன லோடு வண்டி எங்கள் பிளான்டில் கான்ட்ராக்டில் ஓடுகிறது. அவர் அதைப் பிள்ளை மாதிரி துடைத்து வைப்பார்.

அப்போது எங்கள் பிளான்ட் மேனேஜர் புனேயிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தமிழ் நாலு வார்த்தை வரும், அதை நாற்பது இடத்தில் பயன்படுத்துவார். என்னைக் கூப்பிட்டு, "மேடம், நீங்க போங்க. அந்த வண்டியிலே போயிடலாமா?" என்றார்.

குட்டி யானையின் முன்சீட்டில் ஓசூர் வரைக்கும் போவதென்றால், இறங்கும்போது இடுப்பு எது, வண்டியின் ஸ்பிரிங் எது என்று தெரியாது. ஆனால் சத்தியமாக நான் அதற்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் தலைக்கு மேலே ஒன்று போனது. சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"சார், ஃபிளைட்டுல போனா சீக்கிரம் சார்," என்றேன்.

போனை எடுத்து, சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூரு விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தட்டினேன். இரண்டு புள்ளிகள், நடுவில் வில் மாதிரி வளைந்த ஒரு கோடு. ஆகாய வழியில் முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. பயண நேரம் ஒரு மணி. மேனேஜரிடம் காட்டினேன்.

"ஒன் அவர்," என்று அவர் ஆச்சரியப்பட்டார். "ரோடுலே எவ்வளவு?"

"அது ஆகும் சார். ஆறு, ஆறரை மணி நேரம். லோடு வண்டி வேற."

அன்றைக்கு டிக்கெட்டும் ஏதோ தள்ளுபடியில் இருந்தது. போவதற்கு ஃபிளைட், ஃபிக்சரோடு திரும்பி வருவதற்கு வண்டி என்று முடிவாயிற்று. ஓசூர் பெங்களூருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

படப்பையில் எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, என் வீட்டுக்காரர் வாயில் வைத்த டீயைத் துப்பாமல் விழுங்கியது பெரிய விஷயம்.

"இன்னாது, ஓசூருக்கு பிளைட்டா?"

"பெங்களூருக்குங்க. அங்கேருந்து ஓசூர்."

"ஏம்மா, ஓசூரு இங்கேருந்து மேற்கால கீது. நீ கிழக்கால மீனம்பாக்கம் போய், அங்க பிளைட்டு ஏறி, நம்ம வூட்டு மேலயே திரும்பி வந்து, ஓசூரையும் தாண்டிப் போய், பெங்களூருக்கு அந்தக் கடைசியில இறங்கி, மறுபடியும் ஊரையே சுத்திக்கினு ஓசூருக்கு வரப்போற. நான் ஒரகடம் ரோட்டைப் புடிச்சா நேரா ஓசூரு."

"பிளைட்டு ஒரு மணி நேரம்தான்."

"யாரு சொன்னா?"

"போன்ல போட்டிருக்கான்."

"போன்ல மீனம்பாக்கத்துலேருந்து போட்டிருப்பான். நம்ம வூட்டுலேருந்து போட்டானா?"

பதில் தெரியாத கேள்விக்கு என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் கட்டிவிடுவேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டு வாசலில் கிளம்புவது. ஓசூர் பிளான்ட் கேட்டைத் தாண்டி யார் முதலில் உள்ளே கால் வைக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். தோற்றவர்கள் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில் போட்டி உண்டு, தின்பதில் பெரிய போட்டி உண்டு. கழுவுவதற்கு மட்டும் இரண்டு பேருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

"குட்டி யானைக்கும் பிளைட்டுக்கும் பந்தயம்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய், வண்டிக்குக் காற்று பார்த்துவிட்டு வந்தார். ஃபிக்சரை முந்தின நாளே ஏற்றி, நீலத் தார்பாய் போட்டுக் கட்டியாயிற்று.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அவர் வண்டி ஒரகடம் பக்கம் திரும்பியது. நான் எதிர்ப்பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓசூருக்குப் போகிற நான் ஓசூருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா காய்கறிக் கூடையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"எங்கம்மா, இவ்ளோ வெள்ளனவே?"

"பெங்களூருக்கு. பிளைட்டுல."

அவர் என்னையும் ஆட்டோவையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். மரியாதையா, சந்தேகமா என்று தெரியவில்லை.

தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பை இயந்திரத்துக்குள் போனது போனபடி நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு பெண் காவலரைக் கூப்பிட்டார். பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த என் வெர்னியரை வெளியே எடுத்தார்கள்.

"யே க்யா ஹை?" என்று அதைத் தூக்கிக் காட்டிக் கேட்டார் அந்தப் பெண்.

எனக்கு இந்தி வராது. அவருக்குத் தமிழ் வராது. "மெஷரிங்," என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் கண்ணாடி வளையலைக் கழற்றி, வெர்னியரின் இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்து அளந்து காட்டினேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. தன் பேனாவை நீட்டினார். அதையும் அளந்தேன். இன்னொருவர் வந்து தன் மோதிரத்தை நீட்டினார். பின்னால் வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. மோதிரத்தையும் அளந்து முடித்ததும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடே தலையை ஆட்டினார். முனை கூராக இருக்கிறது, கையில் எடுத்துப் போகக் கூடாது, பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்று சாடையிலேயே புரியவைத்தார். விதி அப்படி. அவர் மேல் தப்பில்லை.

என்னிடம் பெட்டி ஏது? ஒரு நாள் துணி கைப்பையில் இருந்தது. அதைத் தவிர, புளிச்சோறு வைத்த டிபன் பை. வெர்னியரோ கம்பெனிச் சொத்து, அளவு சோதித்து ஸ்டிக்கர் ஒட்டியது. விட்டுவிட்டு வர முடியாது. மறுபடியும் வெளியே போய்க் கவுன்டரில் நின்றேன். அங்கிருந்த பெண்ணிடம் டிபன் பையை நீட்டினேன்.

"இதையா மேடம் செக்-இன் பண்றீங்க?"

"ஆமாம்மா."

"உள்ள இன்னா இருக்கு?"

"வெர்னியரும் புளிச்சோறும்."

அவர் நல்ல பெண். உதட்டைக் கடித்துக்கொண்டு, பெரிய பெட்டிகளுக்குக் கட்டுகிற நீளச் சீட்டை என் டிபன் பையின் காதில் சுற்றினார். சீட்டு பையைவிட நீளமாக இருந்தது. பெல்ட்டில் தனியாக உட்கார்ந்து என் மதியச் சாப்பாடு ரப்பர்த் திரைக்குள் நுழைந்து மறைந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

விமானத்தில் எனக்கு நடு சீட். சன்னல் ஓரத்தில் ஒரு வாலிபர், காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறும்போதே தூங்க ஆரம்பித்துவிட்டார். விமானம் ஓடுதளத்துக்குப் போகிற வழியில், சம்பள நாளில் ஏடிஎம் வாசலில் நிற்கிற மாதிரி வரிசையில் நின்றது. எனக்கு ஒரே யோசனை: என் வீட்டுக்காரர் இந்நேரம் காஞ்சிபுரத்தைத் தாண்டி எவ்வளவோ தூரம் போயிருப்பார். நான் இன்னும் கிளம்பிய ஊரிலேயே இருக்கிறேன்.

அப்புறம் அது ஓடியது. ஓடி, சட்டென்று தரையை விட்டுவிட்டது. பக்கத்தில் இருந்தவரின் மூக்குக்கும் சன்னல் விளிம்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தேன். வீடுகள், ஏரி, மறுபடியும் வீடுகள். நான் எட்டிப் பார்த்த பார்வையில் அவர் விழித்துக்கொண்டார். ஒன்றும் கேட்காமல் தலையைப் பின்னால் சாய்த்து எனக்கு வழி விட்டார். அவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு.

எங்கள் ஊர் கீழே வந்தது. படப்பை ரோட்டை முதலில் பிடித்தேன். கோடு போட்டுப் பிரித்த புது மனைகள் காலி டிபன் தட்டுகள் மாதிரி கிடந்தன. அப்புறம் நீலக் கூரை, வெள்ளைக் கூரை, நீலக் கூரை. ஒரு மைதானத்தில் விற்பனைக்குப் போகாத புதுக் கார்கள் வரிசை வரிசையாக, பிரிக்காத மாத்திரை அட்டை மாதிரி இருந்தன. அந்தக் கார்க் கதவு ஒவ்வொன்றுக்குள்ளும் என் கை பட்ட பாகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வரிசைகளை எண்ணினேன். எங்கள் பிளான்டைத் தேடினேன். பச்சைத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கேன்டீன். கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்படுவதற்குள் அதே மாதிரி பச்சைத் தொட்டி இன்னும் நாலு வந்தது. எது எங்களுடையதோ, எல்லாவற்றையும் பார்த்து வைத்தேன். லைனிலிருந்து யாராவது அண்ணாந்து பார்த்திருந்தால் வால் நிறத்தைப் பார்த்திருப்பார்கள். உள்ளே நான் இருப்பது தெரிந்திருக்காது.

மேகத்துக்கு மேலே ஏறி, தண்ணீர் கொடுத்து, தம்ளரை வாங்கிக்கொண்டு, பெல்ட்டை மாட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான், பெங்களூரு. போனில் போட்டிருந்தது பொய்யே இல்லை.

மற்றவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போகப் போக, பெல்ட் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாக இரண்டு பெரிய சிவப்புப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவில், போலீஸ்காரர்களுக்கு நடுவில் வருகிற கைதி மாதிரி என் டிபன் பை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் உதவி செய்கிறேன் என்று அதைத் தூக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது மூக்கை ஒரு முறை உறிஞ்சினார்.

"புளியோதரையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் பெட்டியைத் தேடப் போனார்.

போனை எடுத்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"கிருஷ்ணகிரிக்குக் கிட்டக்க. நீ?"

"இறங்கிட்டேன்."

"இறங்கிட்டியா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. அப்புறம் ஆக்சிலேட்டர் சத்தம் ஏறியதும் கேட்டது.

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் பெங்களூரு விமான நிலையம் பெங்களூரில் இல்லை. அது வடக்கே எங்கேயோ தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் தெற்கே. நடுவில் பெங்களூரு என்று ஒரு ஊர் படுத்திருக்கிறது. விமான நிலையப் பேருந்தில் உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் பறந்தது. அப்புறம் ஒரு மேம்பாலத்தின் மேல் நின்றது. பக்கத்தில் நின்ற காரில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தார், அவசரமே இல்லாமல், இரண்டு கன்னமும். அவர் முடித்து முகம் துடைக்கும்வரை நாங்களும் அங்கேதான் இருந்தோம். தெற்குப் பக்கம் வந்து, இறங்கி, ஓசூர் பேருந்தைப் பிடித்து, நின்றுகொண்டே போனேன். ஆகாயத்தில் உட்கார்ந்து வந்த தூரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர். தரையில் நின்று போகிற தூரத்துக்கு ஒன்றும் இல்லை. பசி வேறு. டிபன் பையைத் திறக்கவும் இடமில்லை.

பிளான்ட் கேட்டுக்கு வந்தபோது, எதிரே மரத்தடியில் எங்கள் குட்டி யானை நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. நீலத் தார்பாய். முன்சீட்டில் இரண்டு கால்கள் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. வண்டி ஏன் கேட்டுக்கு வெளியே நிற்கிறது?

கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் கேட்டேன். வயசானவர், தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ்.

"அந்த வண்டிங்களா? ரொம்ப நேரமா நிக்குது. பொருளோட வர்ற குவாலிட்டி ஆளு வந்து சொன்னாத்தான் உள்ள விடணும்ங்க. சென்னையிலேருந்து ஒரு அம்மா பிளைட்டுல வராங்கன்னு அந்த டிரைவர் சொன்னாரு. அவங்க வரட்டும்னு இருக்கோம்."

"அந்த அம்மா நான்தாங்க."

"அப்ப நீங்க உள்ள வாங்க."

நான் காலை எடுத்து உள்ளே வைத்தேன். வலது காலை. அப்புறம் திரும்பி நின்று, "அந்த டிரைவரை எழுப்புங்க," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்தார். நான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

"இது அழுகுணி ஆட்டம்," என்றார்.

"கேட்டைத் தாண்டி யார் முதல்ல கால் வைக்கிறாங்களோன்னுதான் பேச்சு."

"நான் வந்து ஒரு தூக்கமே போட்டுட்டேன்."

"வெளிய போட்டீங்க."

அவர் செக்யூரிட்டியைப் பார்த்தார். "பெரியவரே, நீங்களே சொல்லுங்க. யாரு முதல்ல வந்தது?"

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் வூட்டுக்காரங்களா?" என்றார். ஆமாம் என்றோம். "அப்ப என்னைக் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கேட்டை அகலமாகத் திறந்தார்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று புளிச்சோற்றைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம். மேகத்துக்கு மேலே போய் வந்ததாலோ என்னவோ கொஞ்சம் இறுகியிருந்தது. அவர் அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டே பெரிய பங்கைத் தின்றார். அப்புறம் இரண்டு ஃபிக்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஓசூர் ஃபிக்சரில் பாகத்தை இடத்தில் நிறுத்துகிற ஒரு ஊசி தேய்ந்திருந்தது. எங்களுடையதிலும் ஒன்று தேய்ந்திருந்தது, எதிர்ப்பக்கம். ஆளுக்குக் கொஞ்சம் பொய். இரண்டையும் மாற்றி, சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தோம். அன்றைக்குக் கம்பெனி விருந்தினர் அறையில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் குட்டி யானையில் திரும்பினோம்.

முன்சீட்டு நான் பயந்த மாதிரிதான் இருந்தது. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. சூளகிரி வரைக்கும் மீன் வழக்கு நடந்தது. கடைசியில் பாதி மாதம் அவர், பாதி மாதம் நான் என்று முடிந்தது. முதல் பாதி அவர். ஊருக்கு வந்த பிறகு அந்த ஞாயிறு நெத்திலி வாங்கினேன். ஒவ்வொரு மீனையும் விரல் நுனியில் பிடித்து, ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்துக் கழுவினார்.

அன்றைக்கு வண்டியில் கிருஷ்ணகிரி தாண்டியதும் பக்கக் கண்ணாடியைச் சரி செய்தார். அப்புறம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மேலேருந்து பார்த்தா எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். படப்பை ரோடு, மனைகள், மாத்திரை அட்டைக் கார்கள், ஒரே மாதிரி பச்சைத் தொட்டிகள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

"இந்த ரோடு தெரிஞ்சிச்சா?"

"கொஞ்ச நேரம் தெரிஞ்சிச்சு. மெல்லிசா, நூல் மாதிரி. அப்புறம் மேகம்."

"நம்ம வண்டி?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். "இல்லங்க. லாரியே தெரியல."

"ம்," என்றார். "பள்ளிகொண்டா தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். மேல ஒண்ணு போய்க்கினு இருந்துச்சு. டாட்டா காட்டினேன்."

"அது நான் போனதா?"

"யாருக்குத் தெரியும்? எதுக்கும் காட்டி வெச்சேன். டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. வெளியே ஏலகிரிப் பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வேலைக்குப் போன அன்றைக்குக் கேன்டீனில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். வால் நிறத்தைப் பார்த்தே வயசை ஓட்டியவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மேனேஜரும் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மேடம், ஃபிளைட் எவ்வளவு நேரம்?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அசெம்பிளியில் வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி, அடுத்த ஓசூர் வேலை தனக்குத்தான் என்று தெரிந்தவள், மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"ஒரு மணி நேரம் சார்," என்றேன்.

அடுத்த மாதம் அவள் போனாள். திரும்பி வந்தவளிடமும் மேனேஜர் கேட்டார். "ஒரு மணி நேரம் சார்," என்றாள். முகத்தில் ஒரு துளி அசைவு இல்லை. அதற்கப்புறம் மெயின்டனன்ஸில் இருந்து ஒரு அண்ணன் போனார். அவருக்கும் ஒரு மணி நேரம்தான் ஆனது. ஸ்டோர்ஸில் ஒருவர் போனார். அவர் சன்னல் சீட் வாங்கிப் போட்டோ எல்லாம் எடுத்துவந்தார். ஒரு மணி நேரம். யாரும் யாரிடமும் இப்படிச் சொல்லு என்று சொன்னதில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு ஒரு நாள் மேனேஜரே ஓசூருக்குக் கிளம்பினார். அன்றைக்கும் என் வீட்டுக்காரர் ஏதோ அச்சுகளை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போயிருந்தார். நாங்கள் லைனில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேலே விமானம் போனது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் போனேன். அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஓசூர் பெங்களூருக்கு முன்னாடியே வருது."

"ஆமா சார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எனக்கு ஏன் சொல்லலே?"

"நீங்க ஃபிளைட் எவ்வளவு நேரம்னுதான் கேட்டீங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மேஜை மேல் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேம்பாலம்," என்றார். "நான் ஒரு மீட்டிங்கே முடிச்சுட்டேன், போன்லே. பஸ் அங்கேயே இருக்கு."

அன்றிலிருந்து ஓசூருக்கு எல்லாரும் ரோட்டில்தான் போகிறார்கள். இன்னும் பறக்காதவர்கள் சிலருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஸ்டோர்ஸ் அண்ணனின் போட்டோவை அவர்கள் வாங்கி வாங்கிப் பார்க்கிறார்கள்.

மேனேஜர் ஓசூர் போன அன்றைக்கு என் வீட்டுக்காரர் அந்த லோடை முடித்துவிட்டு மறைமலை நகருக்கு வேறு சரக்கு அடித்தார். அதனால் நடந்ததை முழுசாகக் கேட்பதற்கு மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். மேனேஜருக்குத் திரும்பி வர ஃபிளைட் டிக்கெட் இருந்ததாம். ஓசூரில் வேலை முடிந்ததும், மறுபடியும் தேவனஹள்ளி வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டாராம். அவர்கள் சொன்னதும் வெளியே வந்து, குட்டி யானையின் கதவைத் திறந்து, "இடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாராம். ஆம்பூரில் பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம். தின்ற கையோடு தூங்கியும்விட்டாராம்.

"எங்க தூங்கினாரு?"

"எங்க? என் தோள் மேலதான். ஆம்பூர்லேருந்து ராணிப்பேட்டை வரைக்கும். எழுப்பவும் மனசு வரல. கியர் மாத்தினா முழிச்சிடப் போறாருன்னு அப்படியே மெதுவா உருட்டிக்கினு வந்தேன்."

"ஆளு எப்படிங்க?"

"நல்ல மனுசன்," என்றார் தோளை உருட்டிக்கொண்டே. "அவருக்குத் தலைக்கனம் இல்லன்னு உங்க பிளான்ட்ல எல்லாரும் சொல்றீங்களே. அது மட்டும் தப்பு. நல்ல வெயிட்டு."

தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துவந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.